ஃபிஷிங் கயாக்குக்குள் ஃபோம்: எதற்கு, எவ்வளவு, எங்கே?

கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான். கடைக்காரர் ஸ்டிக்கரைக் காட்டுவார். 150 கிலோ, 180 கிலோ என்று ஏதோ போட்டிருக்கும். கயாக்கின் கூட்டுக்குள் தண்ணீர் இல்லாத வரைக்கும்தான் அந்த எண் செல்லும். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஸ்டிக்கர் கிடையாது. அந்தக் கணக்கை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். கஷ்டமான கணக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடிஸ் விதி போதும்.

மீன்பிடிக்க இப்போது பெரும்பாலும் வாங்கப்படுவது மேலே உட்கார்ந்து ஓட்டும் 'சிட் ஆன் டாப்' வகை. இதைச் செய்யும் முறை தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். பாலிஎத்திலீன் தூளை ஒரு பெரிய உலோக அச்சுக்குள் கொட்டி, உலைக்குள் வைத்துச் சுழற்றிக்கொண்டே சூடாக்குவார்கள். தூள் உருகி அச்சின் உள்சுவர் முழுக்கப் படியும். ஆறியதும் அச்சைத் திறந்தால், மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒட்டே இல்லாத ஒரே கூடு வெளியே வரும். உள்ளே வெறும் காற்று. கடலில் நெடுந்தூரம் போகிற, உள்ளே கால் நீட்டி உட்காரும் கயாக்குகளில் குறுக்கே தடுப்புச் சுவர் வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். நம் ஃபிஷிங் கயாக்கில் பெரும்பாலும் அது கிடையாது. முன்னால் இருக்கும் ஹேட்ச், அதாவது பொருள் வைக்கும் வாயின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் வால் வரைக்கும் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்கப்பர் ஓட்டைகளில் ஒரு குழப்பம் வரும். உட்காரும் இடத்தில் அடியைத் துளைத்துக்கொண்டு போகிற அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் மேலே எட்டிப் பார்க்கும். பலர் பயந்துபோய், கயாக்குக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று நினைக்கிறார்கள். இல்லை. ஸ்கப்பர் என்பது மேல்தளத்தையும் அடித்தளத்தையும் இணைக்கும் ஒரு குழாய். அதன் சுவர் கூட்டின் உட்பகுதியைத் தண்ணீரிடமிருந்து பிரித்தே வைத்திருக்கிறது. தளத்தில் விழுந்த அலைத் தண்ணீர் வடிய அது ஒரு வழி, அவ்வளவுதான். நாம் கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கூட்டுக்குள் சேரும் தண்ணீரைப் பற்றி.

உள்ளே எப்படிப் புகுகிறது?

ஓட்டையே இல்லாத கூட்டில் தண்ணீர் எங்கிருந்து வரும்? கம்பெனியிலிருந்து வரும்போது ஓட்டை இல்லை. அதற்கப்புறம் நாம்தான் போடுகிறோம். தூண்டில் கழியைச் செருகும் ராட் ஹோல்டருக்கு நான்கு திருகு, மீன் இருக்கும் இடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவியின் வயருக்கு ஒரு துளை, சாமான்களைப் பொருத்தும் பக்கவாட்டு ட்ராக்குக்கு எட்டு போல்ட், ரடர் (சுக்கான்) கயிறு உள்ளே போய் வெளியே வர இரண்டு வழி. ஒவ்வொன்றிலும் சீலன்ட் வைத்திருப்போம். பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் உறுதியாக ஒட்டாது என்பதால், வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து சுருங்கும் சில மாதங்களில் சீலன்ட் விளிம்பு விட்டுவிடும்.

அடுத்தது ஹேட்ச் மூடி. ரப்பர் வளையத்தில் நாலு மணல் பருக்கை ஒட்டியிருந்தால் போதும், அலை ஏறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். வால் பக்கத்து வடிகால் மூடியைத் திருகவே மறந்துபோய்த் தண்ணீரில் இறங்குவதும் உலக வழக்கம்.

இதையெல்லாம்விட மோசமானது விரிசல். கயாக்கை இழுத்துப்போக ஒரு சக்கர வண்டி விற்கிறார்கள். அதன் இரண்டு கம்பிகளை ஸ்கப்பர் ஓட்டைக்குள் கீழிருந்து நுழைத்து நிறுத்துவார்கள். பொருள் எல்லாம் ஏற்றி, மேடு பள்ளமான கரையில் இழுக்கும்போது மொத்தப் பாரமும் அந்தக் குழாயின் மெல்லிய சுவரில் விழும். குழாய் அடித்தளத்தோடு சேரும் வளைவில் மயிரிழை விரிசல் விழும். கரையில் கவிழ்த்துப் பார்த்தால் கீறல் போலத்தான் இருக்கும். மேலே ஆள் உட்கார்ந்ததும் அது வாய் பிளக்கும். என்னைக் கேட்டால், கயாக்கைக் கொல்வதில் பாறைகளைவிட இந்த வண்டிக்குத்தான் பங்கு அதிகம். பெல்ட் போட்டு அடிப்பகுதியை முழுசாகத் தாங்கும் வண்டியை வாங்குங்கள்.

நாற்பது லிட்டர் என்ன செய்யும்?

கூட்டுக்குள் நாற்பது லிட்டர் சேர்ந்தால் உட்கார்ந்திருப்பவருக்கு உடனே தெரியாது. கயாக் கொஞ்சம் சோம்பலாக நகரும், காற்று எதிரே அடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். நாற்பது கிலோ கூடுதல் எடை என்பதே பெரிய ஆபத்து இல்லை. 180 கிலோ தாங்கும் கயாக்கில் 75 கிலோ ஆள் இருந்தால் இன்னும் இடம் இருக்கிறது. சிக்கல், அந்த எடை ஒரே இடத்தில் நிற்காது என்பதில்தான். வலது பக்கம் மீன் இழுக்கிறது, நீங்கள் லேசாக வலப்பக்கம் சாய்கிறீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுக்க வலப்பக்கம் ஓடிவரும். சாய்வு கூடும். கூடின சாய்வுக்கு இன்னும் கொஞ்சம் ஓடிவரும். கப்பல்காரர்கள் இதற்குப் பயந்துதான் திரவச் சரக்குத் தொட்டிகளைத் தடுப்பு வைத்துப் பிரிக்கிறார்கள். நம் கூட்டில் தடுப்பே இல்லை.

கவிழ்ந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக சிட் ஆன் டாப் கயாக்கில் இது பெரிய விஷயமில்லை. புரட்டிப் போட்டு, பக்கவாட்டில் வயிறு படும்படி எக்கி, காலை உதைத்து ஏறி, திரும்பி உட்கார்ந்துவிடலாம். பழகினவர்கள் அரை நிமிடத்தில் செய்வார்கள். உள்ளே நூறு லிட்டர் இருந்தால் கதை வேறு. புரட்டவே வராது. புரட்டினாலும், ஏறுவதற்குக் கை வைத்த பக்கத்துக்குத் தண்ணீர் ஓடிவந்து மறுபடி உங்கள் மேலேயே கவிழும். இரண்டு முறை முயற்சி செய்தாலே மூச்சு வாங்கிவிடும்.

முன்பக்கம் மட்டும் நிறைந்தால் வேடிக்கை இன்னும் கூடும்: மூக்கு தண்ணீருக்குள் போய், வால் வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக நின்றுவிடும். பிரிட்டனின் கடல் கயாக்காரர்கள் இதற்கு 'கிளியோபாட்ராவின் ஊசி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லண்டனில் தேம்ஸ் கரையில் நிற்கிற எகிப்தியக் கல்தூணின் பெயர் அது. ஆழத்தில் அப்படி நின்ற கயாக்கை ஒற்றை ஆளாகக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவருவது நடக்காத காரியம்.

ஃபோம் உண்மையில் என்ன செய்கிறது?

"ஃபோம் போட்டால் கயாக் இன்னும் நல்லா மிதக்கும், கூட நாலு பொருள் வைக்கலாம்" என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தப்பு. ஒரு பொருள் எத்தனை லிட்டர் தண்ணீரை விலக்குகிறதோ அத்தனை கிலோ விசையோடு தண்ணீர் அதை மேலே தள்ளும். கடல் தண்ணீர் கொஞ்சம் கனம் என்பதால் அங்கே லிட்டருக்கு 1.025 கிலோ. விலக்கப்பட்ட இடத்தில் இருப்பது காற்றா, ஃபோமா என்று தண்ணீர் பார்ப்பதில்லை. கூடு காய்ந்திருக்கிற வரைக்கும் ஃபோமால் ஒரு பைசா லாபம் இல்லை. ஃபோமின் எடை ஓரிரு கிலோ நஷ்டம்தான்.

லாபம் எப்போது என்றால், கூடு ஓட்டையான பிறகு. தண்ணீர் வந்தால் காற்று வழிவிட்டுப் போய்விடும், ஃபோம் போகாது. 280 லிட்டர் கொள்ளும் கூட்டில் 100 லிட்டர் ஃபோம் இருந்தால், என்னதான் பெரிய ஓட்டை விழுந்தாலும் 180 லிட்டருக்கு மேல் தண்ணீர் புக இடமில்லை. ஃபோம் என்பது மிதக்கவைக்கும் பொருள் என்பதைவிட, தண்ணீர் வருவதற்கு முன்பே இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும் பொருள் என்று நினைத்துக்கொண்டால், எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

நம் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதற்கு 'உள்ளே' என்று ஒன்று கிடையாது, கட்டையேதான் மிதக்கிறது. அலை மேலே ஏறிப் புரண்டு மறுபக்கம் வழிந்து போகும். கவிழ்ந்தால் நிமிர்த்திப் போட்டு ஏறிக்கொள்ளலாம், மூழ்காது. அதற்கென்று உள்ள குறை வேறு: மரம் ஊறும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் காயப்போடுகிற பழக்கம். ஊறுவது என்கிற இந்த விஷயம் ஃபோம் வாங்கும்போதும் வரும்.

எவ்வளவு?

ஒரு 12 அடி கயாக்கை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் கூடு மட்டும் 30 கிலோ. "பிளாஸ்டிக்தானே, மூழ்குமா?" என்று கேட்டால், பாலிஎத்திலீனின் அடர்த்தி சுமார் 0.94. தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் லேசு. 30 கிலோ பிளாஸ்டிக் ஏறக்குறைய 32 லிட்டர் இடம் பிடிக்கும். ஆக, முழுக்க நிறைந்த நிலையில் அந்தப் பெரிய கூட்டுக்கு மிச்சம் இருக்கிற மிதப்பு இரண்டு கிலோ. அவ்வளவே.

இப்போது அதில் கட்டியிருப்பதைக் கழியுங்கள். எதுவும் தண்ணீருக்குள் முழு எடையோடு இருக்காது. தான் விலக்கும் தண்ணீரின் எடை போக மீதிதான் கணக்கு. மூன்று கிலோ அலுமினிய சீட் தண்ணீருக்குள் ஏறக்குறைய 1.9 கிலோ. ஃபிஷ் ஃபைண்டருக்கு வைக்கிற 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி வெளியே இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளே 1.2 கிலோ. ஒன்றரை கிலோ இரும்பு நங்கூரம் 1.3. ஒரு கிலோ ஈயக்குண்டு 0.9. கூட்டினால் 5.3 கிலோ. கையில் இருந்தது இரண்டு. மூன்று கிலோவுக்கு மேல் பற்றாக்குறை. முழுக்க நிறைந்தால் இந்தக் கயாக் அடிக்குப் போய்விடும்.

நீச்சல்குளத்தில் குழந்தைகள் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதக்கிற நீளமான ஃபோம் குழாய் இருக்கிறதல்லவா, 'பூல் நூடுல்' என்பார்கள். ஆறரை சென்டிமீட்டர் தடிமன், ஒன்றரை மீட்டர் நீளம், நடுவில் இரண்டு சென்டிமீட்டர் துளை உள்ள ஒன்றைக் கணக்குப் போட்டால் 4.5 லிட்டர் ஃபோம். அதாவது ஒரே ஒரு நூடுல் அந்தப் பற்றாக்குறையை அடைத்துவிடும்! காகிதத்தில். நிஜத்தில் அந்தக் கயாக் விளிம்பு மட்டும் தெரிய ஊசலாடிக்கொண்டிருக்கும். சின்ன அலை வந்தாலும் கண்ணுக்கு மறையும்.

ஆகவே உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கயாக் தொலைந்துபோகாமல் இருக்க வேண்டும், லைஃப் ஜாக்கெட்டோடு அதைப் பிடித்துக்கொண்டு உதவி வரும்வரை கிடக்க வேண்டும், அவ்வளவு போதும் என்றால் ஐந்தாறு நூடுல்கள், அதாவது 25 லிட்டர், கணக்குக்குச் சரி. தண்ணீரில் கிடக்கும் மனிதர் தன் எடையைத் தானே பெரும்பாலும் சுமந்துகொள்கிறார், கயாக்குக்கு அவர் பாரமில்லை. வெளியிலிருந்து பார்க்கிற மீட்பு ஆட்களுக்கு மிதக்கும் தலையைவிட மிதக்கும் மஞ்சள் கயாக் சுலபமாகத் தெரியும் என்பதே பெரிய லாபம்.

மேலே ஏறி உட்கார்ந்து கரைக்குத் துடுப்புப் போட வேண்டும் என்றால் உங்கள் எடையும் கணக்குக்குள் வந்துவிடும். 75 கிலோ ஆள், மூன்றரை கிலோ பற்றாக்குறை, ஃபோமின் சொந்த எடை, கொஞ்சம் கைமிச்சம் எல்லாம் சேர்த்தால் 100 லிட்டர். நூடுல் கணக்கில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. கட்டிகளாகப் பார்த்தால், 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு ஃபோம் ஷீட் சரியாக 100 லிட்டர். அதைப் பட்டை பட்டையாக அறுத்து உள்ளே தள்ளினால் ஆயிற்று. இந்த நூறையே இலக்காக வையுங்கள் என்பேன். இருபத்தைந்து லிட்டர் போட்டுவிட்டு 'ஃபோம் போட்டாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர், இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே போகத் துணிவார். அந்தத் துணிச்சலுக்கு இருபத்தைந்து லிட்டர் ஈடு கொடுக்காது.

இதைக் கம்பெனிக்காரர்களே செய்து தரலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் 1971-இல் வந்த கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகள் தண்ணீர் நிறைந்தாலும் மிதக்க வேண்டும் என்று கடலோரக் காவல்படை விதி வைத்திருக்கிறது. 2 குதிரைசக்திக்கு மேலான வெளிப்பொருத்து எஞ்சின் படகென்றால் சும்மா மிதந்தால் போதாது, மட்டமாக மிதக்க வேண்டும். அந்த விதியிலிருந்து பெயர் சொல்லி விலக்கப்பட்டவற்றில் கனூவும் கயாக்கும் உண்டு. சில மாடல்களில் கூட்டுக்கு நடுவே ஃபோம் தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். அவை பெரும்பாலும் மேல்தளம் தொய்யாமல் இருக்க முட்டுக் கொடுத்தவை. அவற்றை நம்பி மிதப்புக் கணக்குப் போடக் கூடாது.

என்ன பொருள்?

தண்ணீர் குடிக்காத மூடிய நுண்ணறை ஃபோம் வேண்டும். அறை திறந்திருக்கும் ஃபோம், அதாவது மெத்தை, சோபாவுக்குள் வருகிற வகை, இங்கே வேலைக்கு ஆகாது. எலெக்ட்ரானிக்ஸ் பெட்டிகளில் பொருளைச் சுற்றி வருகிற, அழுத்தினால் நசுங்கி மறுபடி எழும்புகிற வெள்ளை ஈ.பி.இ. (நுரைத்த பாலிஎத்திலீன்) ஃபோம் நல்ல தேர்வு. பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் ஷீட்டாகவே கிடைக்கும், காய்கறிக் கத்தியால் அறுபடும், பெட்ரோல் பட்டாலும் கரையாது. நூடுலும் இதே குடும்பம்தான்.

தெர்மோகோல் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் உள்ளே உரசி உரசி மணிமணியாக உதிரும். அந்த மணிகள் வடிகால் மூடியை அடைக்கும், வடிகிற தண்ணீரோடு கடலுக்கும் ஏரிக்கும் போகும். பெட்ரோலோ கரைப்பான் கலந்த பசையோ பட்டால் உருகிவிடும். நீண்ட நாள் ஈரத்தில் கிடந்தால் மணிகளுக்கு நடுவே தண்ணீரும் பிடிக்கும். அதுதான் கைக்குக் கிடைத்தது என்றால் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி, டேப் போட்டு மூடிவிட்டு வையுங்கள்.

காலி கூல்ட்ரிங்ஸ் பாட்டில்? சிரிக்க வேண்டாம், 2 லிட்டர் பாட்டில் ஒன்று இரண்டு கிலோ தூக்கும், காசும் இல்லை. கேஸ் அழுத்தத்தைத் தாங்கச் செய்த பாட்டில் என்பதால் வெயிலுக்கும் அசையாது. மெல்லிய குடிநீர் பாட்டில்களுக்கு அந்தத் தெம்பு கிடையாது. மூடியை இறுக்கி, வலைப்பையில் போட்டுக் கட்டாவிட்டால் உள்ளே உருண்டு கடகடவென்று சத்தம் போடும். காற்றடைத்த பந்து, மிதப்புப் பை எல்லாம் கூட உண்டு. மீன்பிடிக்கிறவர் கயாக்குக்குள் தூண்டில் முள்ளும் கத்தியும் போய் வரும் என்பதால் காற்றை நம்பியிருக்கிற எதிலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம்: இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் பொங்கி இறுகும் பாலியூரித்தேன் ஃபோம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஊற்றினால் மூலைமுடுக்கெல்லாம் போய் நிரம்புமே என்று. பொங்கும்போது நல்ல சூடும் அழுத்தமும் வரும், பிளாஸ்டிக் கூடு உப்பிக் கோணலாகும். பாலிஎத்திலீனோடு ஒட்டாது என்பதால் சுவருக்கும் ஃபோமுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழும், அங்கே தண்ணீர் புகுந்தால் வெளியே வராது. வருடங்கள் போகப் போக ஊறவும் ஊறும். பிறகு அடியில் ஒரு விரிசல் விழுந்து பிளாஸ்டிக் வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் உள்ளே காய வைக்கவே வழியில்லை. ஸ்ப்ரே டப்பாவில் வருகிற ஃபோம் காற்றின் ஈரத்தில்தான் இறுகும். மூடிய கூட்டுக்குள் மொத்தமாக அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே பிசினாகவே கிடக்கும்.

எங்கே, எப்படி?

1785-இல் லண்டனில் லயனல் லூக்கின் என்று ஒரு கோச்சு வண்டி செய்பவர் 'மூழ்காத படகு'க்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு பக்க விளிம்பிலும் கார்க், மூக்கிலும் வாலிலும் காற்றுப் புகாத அறைகள், அடியில் இரும்புக் கனம். இந்த அமைப்பில் இன்றைக்கும் மாற்ற ஒன்றுமில்லை. மிதப்பு மேலேயும் ஓரத்திலும், பாரம் கீழே நடுவில். காரணம் எளிது. தண்ணீர் நிறைந்த கூட்டில் ஃபோம் கிடக்கிற இடம்தான் மேலே எழும்பப் பார்க்கும். அடியில் நடுக்கோட்டில் எல்லா ஃபோமையும் போட்டால் அது மேலே வரத் துடித்து, கயாக் கவிழ்ந்துதான் நிம்மதி அடையும். பக்க விளிம்புகளின் உட்குழிவில் நீளவாக்கில் வைத்தால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கத்து ஃபோம் திருப்பித் தள்ளும்.

மூக்குக்கும் வாலுக்கும் ஏறக்குறைய சம பங்கு கொடுங்கள். முன்பக்க ஹேட்ச் பெரிது, கை சுலபமாகப் போகிறது என்பதற்காக எல்லாவற்றையும் முன்னாலேயே திணித்துவிட்டு வாலை மறப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். அது தேம்ஸ் கரைத் தூணைத் தலைகீழாக நிறுத்துகிற வேலை.

நூடுலை உள்ளே செலுத்துவது கொஞ்சம் பொறுமை கேட்கும். ஒன்றோடு ஒன்று உரசினால் பிடித்துக்கொண்டு நகராது. சோப்புத் தண்ணீர் தடவி, ஒவ்வொன்றாக ஹேட்ச் வழியே விட்டு, துடுப்பின் காம்பாலோ ஒரு மூங்கில் கழியாலோ கோடிக்குத் தள்ள வேண்டும். கழியின் முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஃபோமைக் குத்திக்கொண்டு திரும்பி வரும்போது கூடவே இழுத்துவரும். கூட்டுக்குள் ஸ்கப்பர் குழாய்கள் வரிசையாகத் தூண்களைப் போல நிற்கும். குழாய்க்கும் பக்கச் சுவருக்கும் நடுவே நூடுலை வளைத்துச் செருகினால் தானே இறுகி நிற்கும், பசை தேவையில்லை. (பசை வைத்தாலும் ஒட்டாது.) கடைசியாகச் செருகும் துண்டில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, ஹேட்ச் வாய்க்கு எட்டும்படி விட்டுவையுங்கள். வெளியே எடுக்க வேண்டிய நாள் வரும்போது அந்தக் கயிற்றின் அருமை தெரியும்.

ஃபோம் தளர்வாகக் கிடந்தால் போட்டும் பயனில்லை. தண்ணீர் புகுந்ததும் எல்லாம் மிதந்து ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், பக்கவாட்டுச் சமநிலை கெட்டுவிடும். ரடர் கயிறு ஓடும் பாதை, பெடல் பொருத்தும் குழி, வடிகால் மூடியின் உள்வாய் இவற்றை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டின் அடியில் மூக்கிலிருந்து வால் வரை தண்ணீர் ஓடி வர ஒரு பாதை விட வேண்டும், இல்லையென்றால் சேர்ந்த தண்ணீர் வடியாமல் ஃபோமுக்குப் பின்னால் தேங்கி நாறும்.

காற்றைப் பற்றி ஒரு சின்ன விஷயம். வெயிலில் காய்ந்த கயாக்குக்குள் காற்று சூடாகி விரிந்திருக்கும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சூடான சோற்றைப் போட்டு மூடிய டிபன் டப்பா ஆறினதும் மூடியைத் திறக்கவிடாமல் இழுத்துப் பிடிக்கிறதே, அதே இழுப்பு இங்கே திருகு ஓட்டைகளிலும் ஹேட்ச் விளிம்பிலும் வேலை செய்து தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பல கயாக்குகளில் மேல்தளத்தில் எங்காவது ஊசித்துளை ஒன்று இருக்கும், அழுத்தம் சமமாவதற்காகக் கம்பெனியே விட்டது. 'லீக்' என்று நினைத்து அதை அடைத்துவிடாதீர்கள். அந்தத் துளை இல்லையென்றால் கரையோரத் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, கூடு ஆறின பிறகு ஹேட்சை ஒரு தரம் திறந்து மூடிவிட்டுக் கிளம்பினால் போதும்.

சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்

எல்லாம் அடைத்த பிறகு இடுப்பளவு, அலையில்லாத தண்ணீருக்குக் கொண்டுபோங்கள். ஏரியோ கழிமுகமோ, கூட ஒரு ஆள் கட்டாயம், லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம். ஃபோம் எவ்வளவு போட்டாலும் அது கயாக்கை மட்டும்தான் காப்பாற்றும். உங்களைத் தாங்குவது உடம்பில் கட்டிய ஜாக்கெட்தான். பேட்டரியை வீட்டிலேயே விட்டுவிட்டு அதற்குப் பதில் அதே எடைக்கு ஏதாவது கட்டிவையுங்கள். ஹேட்சைத் திறந்து வாளியால் ஊற்றிக்கொண்டே இருங்கள், இனி ஏறாது என்கிற வரை.

இப்போது பாருங்கள். மட்டமாக மிதக்கிறதா, ஒரு முனை தாழ்கிறதா? தாழ்ந்தால் அந்த முனைக்கு ஃபோமை நகர்த்துங்கள். மெதுவாக ஒரு பக்கம் அழுத்தி விடுங்கள், திரும்பி வருகிறதா? ஏறி உட்கார முடிகிறதா? உட்கார்ந்தால் தண்ணீர் இடுப்புவரை இருக்கலாம், பரவாயில்லை. நாலு துடுப்புப் போட்டு நகர முடிந்தால் கணக்கு சரி. கவிழ்த்தும் ஒரு தடவை பாருங்கள், தலைகீழாகக் கிடக்கும்போது எங்கே பிடித்துப் புரட்டினால் சுலபம் என்று அப்போதுதான் தெரியும். கரைக்கு இழுக்கும்போது மட்டும் அவசரம் வேண்டாம். உள்ளே தண்ணீரோடு தரையில் இழுத்தால் அந்தப் பாரத்திலேயே அடி விரிந்துவிடும். ஆழம் குறைந்த இடத்தில் வைத்து, கைப்பம்பால் முடிந்தவரை இறைத்துவிட்டு, பிறகு வடிகாலைத் திறந்து ஏற்றுங்கள்.

உள்ளே வைக்கும் முன் ஃபோம் முழுவதையும் ஒரு தராசில் நிறுத்து, எடையை ஹேட்ச் மூடியின் உட்பக்கம் மார்க்கரால் எழுதிவையுங்கள். வருடத்துக்கு ஒரு தரம், மழைக்காலத்துக்கு முன் வெளியே எடுத்து, நிழலில் காயவைத்து மறுபடி நிறுங்கள். எடை கூடியிருந்தால் அந்தத் துண்டு தண்ணீர் குடித்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.